ஏழு மலைகள் குளமான கதை

"அந்த வரைபடம் என்னுது மேடம். அதுல என் பேரைப் போடணும்."

இதை வாய் திறந்து கேட்கவே கூடாது என்று அவளுக்கு மூன்று பேர் சொல்லியிருந்தார்கள். செங்கல் சூளையில் கல் சுமக்கும் அம்மா, அவள் வேலைக்குக் கிளம்பிய முதல் நாளே சொன்னாள்: "லீவு வேணும்னா கேளு. நாற்காலி ஆடுதுன்னா கேளு. பேரு மட்டும் கேட்டுராத. படிச்ச திமிருன்னு சொல்லிருவாங்க." அலுவலகத்தின் மூத்த வரைவாளர் சொன்னார்: "இங்க வரையற ஆளோட பேரு எந்தத் தாள்லயும் வராது. நிறுவனத்தோட பேருதான் வரும். கேட்டு அசிங்கப்படாதே." மூன்றாவதாகச் சொன்னவர், இப்போது மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த முதலாளியம்மா.

திங்கட்கிழமை, காலை ஒன்பதரை.

நிலம் அளந்து வரைபடம் போட்டுக் கொடுக்கும் சின்ன நிறுவனம் அது. அங்கே அவளுக்குக் கரிச்சான் என்று பட்டப்பெயர். மூத்த வரைவாளர் வைத்தது. தன்னைவிடப் பல மடங்கு பெரிய பருந்தையும் விரட்டிக் கொத்துகிற கறுப்புக் குருவி. அவர் கேலியாகத்தான் வைத்தார். அவள் பெருமையாக எடுத்துக்கொண்டாள். குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். கேலியைப் பாராட்டாக மாற்றிக்கொள்ளும் பழக்கம் அங்கேயே வந்துவிட்டது.

"எந்த வரைபடம்?" என்றார் முதலாளியம்மா.

கரிச்சான் கைபேசியை மேசைமேல் வைத்தாள்.

வரைபடப் பிரியர்கள் கூடும் இணையதளம் ஒன்று. ஆண்டுக்கு ஒருமுறை அங்கே நட்புப் போட்டி நடக்கும். இல்லாமல் போன நாகரிகம் ஒன்றைக் கற்பனை செய்து, அந்த மக்களின் நாட்டை வரைய வேண்டும். எல்லாரும் புனைபெயரில் கலந்துகொள்வார்கள். பரிசு என்று எதுவும் கிடையாது. ஜெயித்தவரின் சொந்தப் பெயர் மட்டும் தளத்தின் முகப்பில் ஓராண்டு இருக்கும். அந்த ஒன்றுக்காக அவள் நான்கு மாதம் சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடாமல் வரைந்தாள்.

திரையில் 'வடமுனை' என்ற புனைபெயரில், நேற்று ஏறிய ஒரு வரைபடம். நடுவே வெள்ளைச் சமவெளி. சுற்றிலும் நீலமாக ஏழு வட்டங்கள். கீழே தலைப்பு: ஏழு குளங்களின் நாடு. அதற்குள் நூற்றுக்கணக்கான பாராட்டுகள்.

"குளம் இல்ல மேடம் இது. மலை. நான் வரைஞ்ச ஏழு மலை. உள்ள தண்ணியை ஊத்தி வெச்சிருக்கான்."

"உன்னோடதுன்னு எப்படிச் சொல்றே? எனக்கு உன் படம் மாதிரித் தெரியலையே. நீ காட்டினதுல பெரிய பள்ளத்தாக்கு மேல இருந்துச்சு. இதுல கீழ இருக்கு."

"மேல் கீழ் மாத்தியிருக்கு. தண்ணியில தெரியற நிழல் மாதிரி. கரையோட ஒவ்வொரு நெளிவும் என் கை போட்டது. என் கையை எனக்குத் தெரியாதா?"

"அசல் எங்கே?"

அங்கேதான் சிக்கல். டிராயிங் ஃபிலிம் என்று சொல்லப்படும், கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் தாளில் அவள் அதை மையால் வரைந்திருந்தாள். வெள்ளிக்கிழமை மாலை அதைச் சுருட்டி, அட்டைக் குழலில் போட்டு, அச்சறை அலமாரியின் மேல் வைத்தாள். இன்று காலை திறந்தால் குழல் மட்டும் இருந்தது. உள்ளே காற்று.

போட்டியை நடத்துகிறவர் 'மாலுமி' என்ற புனைபெயர்க்காரர். காலையில் முதல் வேலையாக அவள் அவருக்கு எழுதினாள். பதில் உடனே வந்தது. "நட்புப் போட்டியில் சண்டை வேண்டாமே. இன்று மாலை ஆறு மணிக்குப் பதிவு முடிகிறது. அதற்குள் அசலைக் காட்டுங்கள், உங்கள் பதிவாக மாற்றுகிறேன். இல்லாவிட்டால் அந்தப் படத்தையே போட்டியிலிருந்து எடுத்துவிடுவேன்."

முதலாளியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். இருபது வருடம் வெயிலில் நிலம் அளந்து, இரவில் ஃபிலிமில் வரைந்து இந்த நிறுவனத்தை உண்டாக்கியவர். அநியாயக்காரர் இல்லை. ஆனால் தன் ஆட்களைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை சொன்னால் முகம் இறுகிவிடும்.

"வேளாவேளைக்கு எல்லாரும் ஒண்ணா டீ குடிக்கிற எடம் இது. திருடன்னு சொன்னா ஒரு ஆளைச் சொல்லு. பொத்தாம்பொதுவாச் சொல்லாதே."

"சொல்றேன். விசாரிக்க விடுங்க."

அதே அறையின் மூலையில், சின்ன மேசையில் இருந்தவர் தலையை நிமிர்த்தினார். முதலாளியம்மாவின் மகளைக் கட்டியவர். ஆறு மாதமாக இங்கே வருகிறார். நிர்வாகம் பார்க்கிறார் என்று பேச்சு. எல்லாரும் அவரை மாப்பிள்ளை என்றே கூப்பிட்டார்கள். பியூன்கூட மாப்பிள்ளை சார் என்பான்.

"இதுல ஒண்ணு கவனிக்கணும்," என்றார் மாப்பிள்ளை. "அடையாளம் தெரியக் கூடாதுன்னு தலைகீழாத் திருப்பிப் போட்டிருக்கான். சாதாரண ஆள் செய்யற காரியம் இல்ல. நல்ல மூளைக்காரன்."

அது நியாயமாகத்தான் பட்டது. கரிச்சான் தலையாட்டினாள்.

*

அச்சறைக்கு மூன்று சாவிகள். ஒன்று மூத்த வரைவாளரிடம். ஒன்று ஸ்கேனரையும் அச்சு இயந்திரத்தையும் பார்த்துக்கொள்ளும் அச்சறை அக்காவிடம். மூன்றாவது முதலாளியம்மாவின் மேசை டிராயரில். முதலாளியம்மா வெள்ளிக்கிழமை மதியமே வெளியூர் போய், ஞாயிறு இரவுதான் திரும்பினார். பூட்டு உடையவில்லை. சன்னல் என்று ஒன்று அந்த அறைக்கே கிடையாது.

முதலில் அச்சறை அக்கா. இயந்திரத்தின் கண்ணாடியை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வெள்ளிக்கிழமை யாருக்கா பூட்டினது?"

"நான்தான்."

"குழல் இருந்துச்சா?"

"நீதானே வெச்சே. தொட்டா கையை ஒடிப்பேன்னு எங்க எல்லாரையும் மிரட்டிட்டு வேற போனே."

"சனி, ஞாயிறு வந்தீங்களா?"

"வீட்டுல துவைக்கிற துணி மலையாக் குமிஞ்சிருந்துச்சு. அதைவிட்டு எங்க வர்றது? ஏன்டி, என்னையும் சந்தேகப்படறியா?"

"எல்லாரையும் கேக்கணும்கா."

"கேளு கேளு. நாளைக்கு என் கையால டீ கேட்டுறாத."

கரிச்சான் திரையைக் காட்டினாள். தலைப்பு தெரியாதபடி விரலால் மறைத்துக்கொண்டாள். அக்கா கண்ணைச் சுருக்கினார். கைபேசியைத் தள்ளிப் பிடித்தார். கிட்டே இழுத்தார். பிறகு தலைகீழாகத் திருப்பினார்.

"கண்ணைக் குழப்புது. வெளிச்சம் கீழேர்ந்து அடிக்குது. முகத்துக்குக் கீழ டார்ச் வெச்சுப் பேய் காட்டற மாதிரி இருக்கு."

"இந்த நீலம் என்னது?"

"மலைக்கு எவனோ நீலம் அடிச்சிருக்கான்."

அடுத்தது மூத்த வரைவாளர். சன்னலோர மேசை. நான்கு பென்சில்கள் ஒரே நீளத்தில் கூராக, ஒரே திசையில் படுத்திருந்தன.

"சார், உங்ககிட்ட ஒரு சாவி இருக்கு."

"இருக்கு. அதுக்கு?"

"என் படத்தைப் பார்த்துட்டு, கடலுக்குப் போகாத ஆறு ஒரு ஆறான்னு கேட்டீங்க."

"இப்பவும் கேக்கறேன்."

"போட்டிக்கு நீங்களும் அனுப்பியிருக்கீங்க."

அவர் நேராக இருந்த பென்சிலை இன்னும் நேராக்கினார். காது மடல் மட்டும் சிவந்தது.

"'நேர்கோடு' நீங்கதானே சார்? மண்ணுக்குள்ள போன நகரம். தெரு எல்லாம் ஸ்கேல் வெச்ச மாதிரி ஓடுது."

"பின்ன, நகரத்தைக் கோணலாவா வரைவாங்க?"

"அந்த நாகரிகம் ஏன் அழிஞ்சுதுன்னு இப்பத்தான் புரியுது சார். போரடிச்சே செத்திருப்பாங்க."

"ஏம்மா, விசாரணைக்கு வந்தியா, விமர்சனத்துக்கு வந்தியா?"

சாவி இருக்கிறது. போட்டியில் பங்கு இருக்கிறது. இயந்திரம் தெரியும், வரைபடம் தெரியும். மூன்று வருடமாக அவளுடைய ஒவ்வொரு கோட்டிலும் குற்றம் கண்டவர். திருடன் இவராக இருந்துவிட்டால் நன்றாயிருக்கும் என்று அவளுக்கு ஆசையாகவே இருந்தது. அந்த ஆசை பிடிக்காமல்தான் அவள் மேலும் கேட்டாள்.

"இந்தப் படத்துல என்ன தப்பு சார்?"

அவர் நேரம் எடுத்துக்கொண்டு பார்த்தார். ரசித்தார் என்றே சொல்ல வேண்டும். பிறர் தவறு அவருக்கு வெல்லக்கட்டி.

"முதல் தப்பு, வெளிச்சம். மேடு பள்ளம் காட்ட நிழல் தீட்டினா, இடது மேல் மூலையிலேர்ந்து வெளிச்சம் வர்ற மாதிரி தீட்டணும். அதுதான் வழக்கம். கண்ணு அதுக்குப் பழகியிருக்கு. கீழேர்ந்து வந்தா மேடு பள்ளமாத் தெரியும். இவனுக்கு அது தெரியல. ரெண்டாவது, இங்க பாரு, குளம்னு எழுதியிருக்கான். குளத்துலேர்ந்து நாலா பக்கமும் ஆறு கிளம்புது. அது குளமா, ஓட்டை வாளியா?"

படத்தின் கீழே யாரோ அதையே பணிவாகக் கேட்டிருந்தார்கள். ஒரு குளத்திலிருந்து எல்லாத் திசைக்கும் ஆறு எப்படி ஓடும் என்று. வடமுனை பதில் போட்டிருந்தது: "அதுதான் அந்த நாகரிகத்தின் ரகசியம்." கூடவே ஒரு சிரிப்புப் படம்.

மூன்றாவது, மாப்பிள்ளை. வராந்தாவில் நிறுத்திக் கேட்டாள்.

"சனிக்கிழமை ஆபீஸ் வந்தீங்களா சார்?"

"வந்தேன். கூரியர் வாங்க. வாட்ச்மேனைக் கேளு."

"அச்சறைக்கு?"

"எனக்கு அங்க என்ன வேலை? அந்த மெஷினுக்கு எது தலை, எது வால்னே எனக்குத் தெரியாது."

"மேடத்தோட டிராயர்ல இருந்த சாவி?"

"இருந்திருக்கும். நான் பார்க்கல. இதோ பாரும்மா, உனக்கு நல்லதுக்குச் சொல்றேன். திருப்பிப் போடத் தெரிஞ்ச ஆளைத் தேடு. அப்படிப்பட்ட ஆள் இங்க ரெண்டே பேர்தான்."

*

மதியம் ஒன்று. மற்றவர்கள் சாப்பிடப் போனார்கள். கரிச்சான் அச்சறை அக்காவிடம் ஒரு உதவி கேட்டாள். வடமுனையின் படத்தை, அவளுடைய ஃபிலிம் இருந்த அதே அளவில் அச்சடித்துத் தரச் சொன்னாள். மேசை அளவுத் தாள் சூடாக வெளியே வந்தது.

பிறகு தன் பையிலிருந்து இன்னொரு ஃபிலிமை எடுத்தாள்.

"இது எதுடி?" என்றார் அக்கா.

"எழுத்துத் தாள்."

பழைய நாளில் வரைபடக்காரர்கள் கோட்டையும் எழுத்தையும் ஒரே தாளில் போட மாட்டார்கள். கோடு ஒரு ஃபிலிமில். ஊர்ப் பெயர், ஆற்றின் பெயர், வடக்கு காட்டும் அம்பு எல்லாம் இன்னொன்றில். ஒன்றன்மேல் ஒன்றை வைத்தால் முழுப் படம். பெயர் மாறினால் கோட்டைச் சுரண்ட வேண்டியதில்லை. இப்போது எல்லாம் கணினி. ஆனால் கரிச்சான் பழைய முறையை வேண்டுமென்றே எடுத்துக்கொண்டிருந்தாள். எழுத்துத் தாளை முடிக்க வீட்டுக்குக் கொண்டுபோனதால் அது தப்பித்தது. திருட்டுப் போனது வெறும் கோடு. ஒரு எழுத்தும் இல்லை, அம்பும் இல்லை.

அக்கா குனிந்து படித்தார். அந்த மலைகளுக்கு ராஜாக்கள் பெயர் இல்லை. கல் சுமந்தவள் மேடு. கிணறு வெட்டியவள் குன்று. உப்பு வாரியவள் முடி. அந்த நாட்டு மக்கள் உப்பு எடுத்து வாழ்ந்த ஒரு கூட்டம். நடு ஏரி வற்றியதும் மலையேறிப் போய் மறைந்தது. போவதற்குமுன் ஒவ்வொரு மலைக்கும் அதில் உழைத்தவளின் பெயரை வைத்துவிட்டுப் போனது. அப்படித்தான் கரிச்சான் கற்பனை செய்திருந்தாள்.

"உங்க அம்மா பார்த்தாங்களா?"

"பார்த்தா. மேடு சின்னதா இருக்கு, இன்னும் கொஞ்சம் ஒசத்திப் போடுன்னா."

எழுத்துத் தாளை அச்சுப்படத்தின்மேல் வைத்தாள். பொருந்தவில்லை. தலைகீழாகச் சுற்றி வைத்தாள். அதுவும் பொருந்தவில்லை. பள்ளத்தாக்கின் பெயர் கீழே சரியாக வந்தது, ஆனால் இடமும் வலமும் முரண்பட்டன. அவள் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றாள். பிறகு அதை முகம் கவிழ்த்து, எழுத்து மேசையைப் பார்க்கும்படி போட்டாள்.

ஏழு பெயர்களும் ஏழு நீல வட்டத்தில் போய் உட்கார்ந்தன. மயிரிழை பிசகவில்லை.

அக்கா "ஐயோ" என்றார், மிக மெதுவாக. அது திருட்டைப் பார்த்த ஐயோ இல்லை. இயந்திரம் தெரிந்தவருக்கு மட்டும் வரும் ஐயோ.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கரிச்சான் தன் இடத்துக்குப் போனாள். கொஞ்ச நேரம் எதையோ ஒழுங்கு செய்துகொண்டிருந்தாள். பிறகு முதலாளியம்மாவின் அறைக் கதவைத் தட்டினாள்.

*

மாலை நான்கு. அச்சறை. ஐந்து பேர் நின்றால் மூச்சு முட்டும் அறையில் ஐந்து பேர்.

"ஒரு ஆளைச் சொல்றேன்னியே," என்றார் முதலாளியம்மா.

"சொல்றேன் மேடம். அதுக்கு முன்னாடி, காலையிலேர்ந்து நாம எல்லாரும் ஒரு விஷயத்தை அப்படியே நம்பிட்டோம். படத்தைத் திருப்பிப் போட்டது தந்திரம்னு. அதனால திருடன் கெட்டிக்காரன்னு."

"இல்லையா?"

"தந்திரமாத் திருப்பறவன் என்ன பண்ணுவான்? முதல்ல படத்தை நேராப் பார்ப்பான். அப்புறம் திருப்புவான். நேராப் பார்த்திருந்தா ஏழும் மலைன்னு தெரிஞ்சிருக்கும். மலைன்னு தெரிஞ்சவன் அதுக்குக் குளம்னு பேர் வெச்சு நீலம் அடிப்பானா? ஆறு குளத்துலேர்ந்து எப்படிக் கிளம்பும்னு ஒருத்தர் கேட்டப்போ, ரகசியம்னு சிரிச்சான். மழுப்பல் இல்ல அது. அவனுக்கு உண்மையிலயே தெரியல. திருடின ஆள் என் படத்தை நேராப் பார்க்கவே இல்ல மேடம். திரையில வந்ததுதான் படம்னு நினைச்சுக்கிட்டான். திருப்பினதே அவனுக்குத் தெரியாது."

மூத்த வரைவாளர் மெல்ல நிமிர்ந்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. உதட்டோரம் ஒரு துடிப்பு வந்தது.

கரிச்சான் அலமாரியிலிருந்து ஒரு பழைய ஃபிலிமை எடுத்தாள்.

"ஃபிலிமுக்கு ஒரு பக்கம் சொரசொரப்பு, ஒரு பக்கம் வழவழப்பு. சொரசொரப்புலதான் மை பிடிக்கும். அதுலதான் வரைவோம். ஆனா ரெண்டு பக்கமும் படம் தெரியும். நம்ம ஸ்கேனர் கீழேர்ந்து பார்க்கிற மெஷின். அதனால வரைஞ்ச முகம் கீழ பார்க்கிற மாதிரி கவுத்து வைக்கணும். தெரியாதவன், நாம படிக்கிற மாதிரியே முகத்தை மேல பார்த்து வைப்பான். மெஷின் முதுகு வழியாப் படிக்கும். இடம் வலமாகும். எழுத்து இருந்திருந்தா உடனே தெரிஞ்சிருக்கும். என் தாள்ல எழுத்தே இல்ல. வடக்கு அம்பும் இல்ல. எந்த ஓரம் மேல, எது கீழன்னு தெரியாம, மெஷினுக்குள்ள தலைமாட்டை மாத்தியும் விட்டிருக்கான். ரெண்டும் சேர்ந்தா, தண்ணியில தெரியற நிழல். வெளிச்சம் கீழ போச்சு. மலை குளமாச்சு."

அவள் அச்சுப்படத்தை விரித்து, எழுத்துத் தாளைக் கவிழ்த்துப் போட்டுக் காட்டினாள். முதலாளியம்மா குனிந்து பார்த்தார். கை தானாக நீண்டு ஃபிலிமின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவியது. இருபது வருடப் பழக்கம்.

"இப்ப நீங்க தடவினீங்களே மேடம், அதுதான். அச்சறைக்கு மூணு சாவி. அக்கா தினமும் இந்த மெஷின்ல நிக்கிறாங்க. தூக்கத்துல கொடுத்தாலும் தடவிப் பார்த்துக் கவுத்துத்தான் வைப்பாங்க. நீங்களும் அப்படித்தான்."

"என்னையும் சேர்த்துக்கோ," என்றார் மூத்த வரைவாளர் கரகரப்பாக. "காலையில நீ என்னைத் திருடன்னு நெனச்சே, அது பரவால்ல. ஃபிலிமை முகம் மாத்தி வைக்கிற ஆளுன்னு நெனச்சியே, அதை நான் மறக்க மாட்டேன்."

"மன்னிச்சிருங்க சார். அதை நினைச்சது ஒரு மணி நேரம்தான்."

"ஒரு மணி நேரமா நெனச்சே?"

"சாவி வெச்சிருந்த மூணு பேருக்கும் இந்தத் தப்பு வராது," என்றாள் அவள். "அப்போ, சாவி எடுக்க முடிஞ்ச நாலாவது ஆள். மேடம் ரூம்லயே உட்கார்ற ஆள். சனிக்கிழமை ஆபீஸ் வந்த ஆள். மெஷினுக்கு எது தலை, எது வால்னு தெரியாதுன்னு தானே சொன்ன ஆள். அது மட்டும் சத்தியமான உண்மை சார்."

எல்லாரும் மாப்பிள்ளையைப் பார்த்தார்கள்.

அவர் மறுக்க வாயைத் திறந்தார். முதலாளியம்மாவின் முகத்தைப் பார்த்தார். மூடிக்கொண்டார். பிறகு வெளியே போனார். திரும்பி வரும்போது கையில் சுருட்டிய ஃபிலிம். முதலாளியம்மாவின் சொந்த அலமாரிக்குப் பின்னால் செருகி வைத்திருந்திருக்கிறார்.

"ஆறு மாசமா வர்றேன்," என்றார், தரையைப் பார்த்து. "கையெழுத்துப் போடக்கூட ஒரு தாள் வர்றதில்ல. எல்லாருக்கும் நான் மாப்பிள்ளை. நானும் ஒண்ணு செஞ்சேன்னு அத்தைகிட்ட காட்டணும்னு தோணுச்சு. இவ்வளவு பாராட்டு வரும்னு நெனக்கல. விளையாட்டுப் போட்டிதானேன்னு..."

"விளையாட்டுன்னா நீங்க வரைஞ்சிருக்கணும் சார்," என்றாள் கரிச்சான். "தோத்தாலும் அது உங்களோடது."

அவர் ஃபிலிமை நீட்டினார். அவள் வாங்கி விரித்து, விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். ஒரு மூலையில் மடிப்பு. மை உதிரவில்லை. ஏழு மலைகளும் மலைகளாகவே இருந்தன. நன்றாக வரைந்திருக்கிறோம் என்று அவளுக்கே தோன்றியது. அடக்கிக்கொள்ள அவள் முயலவில்லை.

முதலாளியம்மா தொண்டையைச் செருமினார்.

"சரி. கண்டுபிடிச்சுட்டே. உன்னோடதுதான், ஒத்துக்கறேன். இப்ப நான் சொல்றதைக் கேளு. இது குடும்ப விஷயம். வெளிய தெரிஞ்சா என் பொண்ணு தலைநிமிர முடியாது. அந்த மாலுமிக்கு நானே எழுதறேன். பேர்ல ஏதோ குழப்பம், படம் எங்க நிறுவனத்தோடதுன்னு. நம்ம ஃபிலிம், நம்ம மெஷின், நம்ம கூரை. நிறுவனத்தோட பேர்ல வரட்டும். அடுத்த மாசத்துலேர்ந்து நீ வரைவுப் பிரிவுக்குத் துணைத் தலைமை. சாருக்கு அடுத்த எடம்."

"என் பேரு?"

"இங்க அந்த வழக்கம் இல்லம்மா. நான் வரைஞ்ச எதுலயும் என் பேரு இருந்ததில்ல."

"இருந்திருக்கணும் மேடம்," என்றாள் அவள். அதில் கோபம் இல்லை. மரியாதையாகவே சொன்னாள்.

முதலாளியம்மா ஒரு கணம் தடுமாறினார். பிறகு குரல் பழைய உறுதிக்கு வந்தது. "அக்கா, மெஷினை அணைச்சுடுங்க. இது ஆபீஸ் மெஷின். ஆபீஸ் வேலைக்கு மட்டும்."

அக்கா அசையவில்லை. அணைக்கவும் இல்லை, போடவும் இல்லை. கையிலிருந்த ஈரத் துணியை முறுக்கிக்கொண்டே நின்றார்.

"வேணாம்கா," என்றாள் கரிச்சான். "பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல அச்சுக்கடை இருக்கு. அங்க இதே மாதிரி மெஷின் இருக்குன்னு மதியமே போன் பண்ணிக் கேட்டுட்டேன். ஆறு மணிக்குள்ள ஸ்கேன் பண்ணி மாலுமிக்கு அனுப்பிடுவேன்."

"வேலை நேரம் முடியல," என்றார் முதலாளியம்மா. "இப்ப வெளிய போனா நாளைக்கு வர வேண்டியதில்ல. யோசிச்சுக்கோ."

கரிச்சான் இரண்டு ஃபிலிமையும் மேசைமேல் ஒன்றாக அடுக்கினாள். யோசிக்க எதுவும் மிச்சமில்லை. எழுத்துத் தாள் பொருந்திய அந்த நிமிடமே, யார் என்று தெரிந்தது. யார் என்று தெரிந்ததும், இந்த அறையில் கடைசியாக என்ன சொல்லப்படும் என்பதும் தெரிந்தது. முதலாளியம்மாவின் கதவைத் தட்டுவதற்கு முன்பே அவள் தன் டிராயரைக் காலி செய்துவிட்டாள். பேனாக்கள், அம்மா கொடுத்த துண்டு, காது உடைந்த டீக் கோப்பை எல்லாம் வாசலோரம் பைக்குள் தயாராக இருந்தன.

அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றி ஸ்கேனர் மேல் வைத்தாள்.

"இறுக்கிச் சுருட்டாதே," என்றார் மூத்த வரைவாளர். "மடிப்பு விழுந்த மூலையில மை விட்டுரும்."

"தெரியும் சார்."

"அப்புறம், அந்த ஆறு. கடைசி வரைக்கும் கடலுக்குப் போகாதா?"

"போகாது சார். ஏரியில போய் வத்திரும். அதுதான் கதையே."

"ம்." அவர் கதவிலிருந்து விலகி வழிவிட்டார். "முடிவு வந்ததும் பார்க்கலாம், யாரு மேல வர்றான்னு."

"நேர்கோடு ரெண்டாவது எடத்துக்கு வந்தா வருத்தப்படாதீங்க சார்."

"போடி வாயாடி."

அவள் பையைத் தோளில் மாட்டினாள். ஃபிலிம் சுருளைக் குழந்தையை ஏந்துவதுபோல் இல்லாமல், கொத்தனார் மட்டப்பலகையைத் தூக்குவதுபோல் கக்கத்தில் செருகிக்கொண்டாள். லிஃப்டுக்காகக் காத்திருக்கவில்லை. மூன்று மாடிப் படியையும் தடதடவென்று இறங்கி, வாட்ச்மேன் நாற்காலியைத் தாண்டி, அச்சுக்கடை இருந்த பக்கம் திரும்பி நடந்தாள்.